பவர் ஷட்டர்: ஒரு கைப்பிடி மறைந்த வரலாறு



போன தவணை முடிய இரண்டு நாளைக்கு முன்னர், பாடசாலை விட்ட நேரம். எமது பழைய நிசான் சன்னியை கேட்டுக்கு எதிர்ப்புறம் மர நிழலில் நிறுத்திவிட்டு மூத்த மகனுக்காகக் காத்திருந்தோம். பின் சீட்டில் சின்ன மகள். வயது நாலு. காக்காவைக் கூட்டத்துக்குள் கண்டதும் சீட்டில் எழுந்து, ஒரு முழங்காலைக் கதவின் கைதாங்கியில் ஊன்றி, தலையை வெளியே போட்டு "காக்கா, இஞ்ச!" என்று கத்தினாள். அந்த நொடியே கண்ணாடி மேலே ஏறத் தொடங்கியது.

யாரும் வேண்டுமென்று சுவிச்சை அமத்தவில்லை. சுவிச்சின் மேல் இருந்தது அவளது முழங்கால்தான்.

பதற்றத்தில் எமக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினோம். எஞ்சின் நின்றது. கண்ணாடி நிற்கவில்லை! முன் சீட்டிலிருந்த பிள்ளையின் உம்மா பின்னால் பாய்ந்து அவளது காலை இழுத்து எடுத்தார். அப்போதுதான் நின்றது. சுவிச்சின் மற்றப் பக்கத்தை அமத்தி இறக்கினோம். கழுத்தோரம் ஒரு சிவப்புக் கோடு. அல்ஹம்துலில்லாஹ், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அழுகை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எமக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அந்தக் கார் பிறக்கும்போது அதில் பவர் ஷட்டர் இருக்கவில்லை. கையால் சுற்றும் கைப்பிடிதான் இருந்தது. அதைக் கழற்றி மோட்டர் போடுவித்தவர்கள் நாங்களே. ஆகவே இதில் முதல் பிழை எம்முடையது. வரலாறு படிப்பிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது நடந்தாலும் "இது எங்கே தொடங்கியது?" என்று பின்னோக்கிப் போவது. அப்படிப் போய் வாசித்ததில் ஒரு விடயம் நன்றாக உறைத்தது. எமது காருக்குள் நடந்த ஒவ்வொரு பிழையையும் உலகம் பல வருடங்களுக்கு முன்னரே செய்து, அடிபட்டு, திருத்தியும் இருக்கிறது. அதை நாம் அறியாமல், முதலிலிருந்து மறுபடியும் செய்திருக்கிறோம்.

நம்மூரில் இந்த மாற்றத்தைச் செய்தவர்களும் செய்ய நினைப்பவர்களும் நிறையப் பேர். பாடசாலைக்குப் பிள்ளை ஏற்றும் வேன்காரச் சகோதரர்களும் இருக்கிறீர்கள். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

*தோல் வாரிலிருந்து கைப்பிடிக்கு*

ஆரம்ப காலக் கார்களில் கண்ணாடி ஜன்னல் என்ற பேச்சே பெரிதாக இல்லை. குதிரை வண்டியின் மிச்சமாகத்தான் கார் வந்தது. மேலே மடிக்கும் துணிக்கூடு, பக்கங்கள் திறந்தபடி. மழை வந்தால் திரையை இழுத்துக் கட்டுவார்கள், இன்று நமது திரீவீலில் றெக்சின் திரையை இறக்குவது போல. 1919 ஆம் ஆண்டளவிலும் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்துக்கு ஒன்பது திறந்த கார்கள்தான். 1920 களில் நிலைமை தலைகீழானது. அந்தப் பத்தாண்டு முடியும்போது பெரும்பாலானவை மூடிய கார்கள்.

மூடிய காருக்குக் காற்று வேண்டும். முதலில் பழைய ரயில் பெட்டிகளில் இருந்த முறையையே எடுத்தார்கள். கண்ணாடியின் அடியில் ஒரு தோல் வார் இருக்கும். அதில் வரிசையாகத் துளைகள். வாரைப் பிடித்து இழுத்தால் கண்ணாடி ஏறும். வேண்டிய உயரத்தில் துளையை ஓர் ஆணியில் மாட்டிவிட வேண்டும். கழற்றினால் கண்ணாடி தன் பாரத்திலேயே கதவுக்குள் இறங்கும். கை தவறினால் "டப்" என்று விழும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் சுற்றும் கைப்பிடி. டெட்ரொய்ட்டில் டெர்ன்ஸ்டெட் என்ற கம்பனி இந்தப் பொறிமுறைக்குப் பெயர் போனது. அதனை 1920 இல் ஃபிஷர் பொடி என்ற பெரிய கார் உடல் தயாரிப்பாளர் வாங்கிக்கொண்டது. ஜேர்மனியில் கோபர்க் நகரத்து புரோசே நிறுவனம் 1920 களின் பிற்பகுதியில் இதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. இன்றைக்கும் உலகின் பல கார்களின் கதவுக்குள் இருப்பது அந்த நிறுவனத்தின் சாமான்தான்.

கைப்பிடியைச் சாதாரணமாக நினைக்கிறோம். உள்ளே ஒரு சின்ன புத்திசாலித்தனம் உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் சுற்றும். அது கத்தரிக்கோல் போல விரியும் இரண்டு இரும்புக் கைகளை உயர்த்தும். அல்லது ஒரு கம்பிக் கேபிளை இழுக்கும். கண்ணாடி ஏறும். ஆனால் கண்ணாடியின் பாரம் கைப்பிடியைத் திருப்பிச் சுற்ற முடியாது. கைப்பிடியின் அடியில் ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. கையால் சுற்றும்போது அது இளகும். கண்ணாடி தன் பாரத்தால் இறங்கப் பார்த்தால் இறுகிப் பிடிக்கும். பாதையின் பள்ளம் மேட்டில் கார் குலுங்கினாலும் வைத்த இடத்தில் கண்ணாடி நிற்பது இதனால்தான்.

இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. அதை யாரும் வடிவமைக்கவில்லை, தானாகவே வந்தது. சுற்றும் கை உணர்கிறது. ஏதாவது தடுத்தால் கைப்பிடி கனக்கும். கை தானாக நின்றுவிடும். பிள்ளை தன் கையாலேயே தன்னை நசுக்கிக்கொள்வது கிட்டத்தட்ட முடியாத காரியம். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுதும் இதைச் சுற்றியதுதான்.

*நமது பாதைகளில்*

வாப்பாமாரின் காலத்தில் இலங்கைப் பாதைகளில் ஓடியவை மொறிஸ் மைனர், ஒஸ்டின், பீஜோ, ஃபியட். எல்லாம் கைப்பிடிதான். மினி கார் 1959 இல் வந்தபோது அதில் கைப்பிடிகூட இல்லை. கண்ணாடியை முன்னும் பின்னுமாகத் தள்ளித் திறக்க வேண்டும். கதவுக்குள் பொறிமுறை இல்லாததால் அந்த இடத்தைச் சாமான் வைக்கும் பெரிய பையாக ஆக்கியிருந்தார் அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ். பிரான்சின் சிட்ரோன் 2சிவி காரில் முன் கண்ணாடியின் கீழ்ப் பாதி மேலே மடியும். ஏழைகளுக்கான கார் என்றால் கதவை மெலிதாக்கு, செலவைக் குறை. அதுதான் கணக்கு.

1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகு ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. அப்போதுதான் நமது ஊர்ப் பேச்சுக்குள் "பவர் ஷட்டர்" என்ற சொல் நுழைந்தது. மற்ற நாடுகளில் பவர் விண்டோ என்பார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் ஷட்டர் என்று சொல்லிப் பழகிய நாம் காரின் கண்ணாடியையும் ஷட்டர் என்றே வைத்துக்கொண்டோம். ஏ.சி., பவர் ஸ்டியரிங், பவர் ஷட்டர், பவர் மிரர் எல்லாம் இருந்தால் "ஃபுல் ஒப்ஷன்". கல்யாணப் பேச்சிலேயே மாப்பிள்ளையின் கார் "ஃபுல் ஒப்ஷனா?" என்று கேட்ட காலமும் உண்டு. இதை வாசித்துச் சிரிப்பவர்கள் யாரென்று எமக்குத் தெரியும்!

*எண்ணெயால் ஏறிய கண்ணாடி*

பவர் ஷட்டர் ஜப்பான்காரனின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறோம். இல்லை. 1940 இல் அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் தனது 180 என்ற ஆடம்பரக் காரில் அதைக் கொடுத்தது. அடுத்து ஃபோர்ட் நிறுவனத்தின் லிங்கன் பெரிய கார்களில் வந்தது. பணக்காரர்களின் வாகனம். சாரதி முன்னால், முதலாளி பின்னால்.

அப்போது ஒவ்வொரு கதவிலும் மோட்டர் இருக்கவில்லை. ஒரே ஒரு மின் மோட்டர் ஒரு பம்பை ஓட்டும். பம்ப் அழுத்தும் எண்ணெய் குழாய் வழியாகக் கதவுக்குப் போய்க் கண்ணாடியை உயர்த்தும். பிரேக் ஒயில்தான் அதற்குப் பயன்பட்ட எண்ணெய். குழாய் கசிந்தால் என்ன ஆகும் என்று மெக்கானிக்மாரிடம் கேட்டுப் பாருங்கள். பெயின்ட் போகும், சீட் பழுதாகும். யுத்தத்துக்குப் பிறகு வந்த அமெரிக்கக் கார்களில் இந்த ஒயில் தொல்லை பெரும் தலையிடியாக இருந்தது.

1951 இல் கிறைஸ்லர் தனது இம்பீரியல் காரில் எண்ணெயை விட்டுவிட்டு முழுக்க மின்சாரத்தில் இயங்கும் ஜன்னலைக் கொடுத்தது. ஐரோப்பாவில் 1963 இல், முன்னர் சொன்ன புரோசே நிறுவனம் பி.எம்.டபிள்யூ. 3200 சி.எஸ். காருக்கு மின் ஜன்னல் பொறியைக் கொடுத்தது.

மின் மோட்டர் வேலை செய்வது எளிது. அதற்கு இரண்டு வயர். ஒரு பக்கம் மின் போனால் ஒரு திசையில் சுற்றும். சுவிச் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் மறு திசையில் சுற்றும். மோட்டரின் தண்டில் திருகாணி போல் வெட்டியிருக்கும். அது ஒரு பல்சக்கரத்தை மெதுவாக, ஆனால் பலமாகச் சுற்றும். மோட்டர் சக்கரத்தைச் சுற்றலாம். சக்கரத்தால் மோட்டரைச் சுற்ற முடியாது. பழைய கைப்பிடியில் ஸ்பிரிங் செய்த காவலை இதில் இந்தத் திருகாணி செய்கிறது. கண்ணாடியைக் கையால் கீழே தள்ள முடியாது என்பதால் கள்வனுக்கும் கஷ்டம்.

அந்தத் திருகாணி பலத்தைப் பல மடங்காக்குகிறது. நல்ல விடயம்தான். ஆனால் அந்தப் பலத்துக்கு உணர்வு இல்லை. முன்னால் இருப்பது ரப்பரா, பிள்ளையின் கழுத்தா என்று அதற்குத் தெரியாது. கைப்பிடியோடு கையும் போனது. கையோடு அந்த உணர்வும் போனது.

*மூன்று பாடங்கள்*

பவர் ஷட்டர் ஆடம்பரக் காரிலிருந்து குடும்பக் காருக்கு இறங்கி வந்தபோது பிள்ளைகள் மாட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். கடை வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பெற்றோர் உள்ளே போக, காருக்குள் விளையாடிய பிள்ளை சுவிச்சை மிதித்தது. சிலர் உயிர் இழந்தார்கள். அமெரிக்காவில் 1966 இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் ஒவ்வொன்றாக விதிகள் எழுதப்பட்டன. மின் ஜன்னலுக்கானது 118 ஆம் இலக்க விதி. 1971 இல் நடைமுறைக்கு வந்தது.

முதல் பாடம் அதுதான்: சாவி. சாவி போட்டுத் திருப்பாமல் ஜன்னல் மூடக்கூடாது. சாவி பெரியவர் கையில் இருக்கிறது. ஆகவே பெரியவர் இறங்கிப் போனால் ஜன்னலும் உயிரற்றுப் போக வேண்டும். எவ்வளவு எளிமையான யோசனை!

இரண்டாம் பாடம்: உணர்வு. தூரத்திலிருந்து ரிமோட்டால் ஜன்னல் மூடும் வசதி வந்தபோது சாவி என்ற காவல் போதவில்லை. 1991 இல் அந்த விதி திருத்தப்பட்டது. அப்படி மூடும் ஜன்னலில் ஏதாவது தடுத்தால், அழுத்தம் 100 நியூட்டனைத் தாண்டு முன்னர் கண்ணாடி நின்று திரும்பி இறங்க வேண்டும். 100 நியூட்டன் என்பது ஏறக்குறைய 10 கிலோ பாரம் அழுத்துவது போல. விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். சோதிக்க 4 மில்லிமீற்றர் தொடக்கம் 200 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள கோல்களை ஜன்னலில் வைத்துப் பார்க்கிறார்கள். பிள்ளையின் சின்ன விரல் முதல் தலை வரை அதற்குள் அடங்கும்.

மூன்றாம் பாடம்: முழங்கால். இது வர மிகவும் தாமதமானது. சாவி போட்டபடியே இருக்கும் காரில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே, பிள்ளை ஜன்னலால் எட்டிப் பார்க்கும். முழங்கால் சுவிச்சில் படும். 2004 இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இதற்கு விதி எழுதியது. 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருண்டையைச் சுவிச்சின் மேல் வைத்து அழுத்துவார்கள். கண்ணாடி ஏறக்கூடாது. அந்த உருண்டை எதற்குப் பதிலாக என்று நினைக்கிறீர்கள்? பிள்ளையின் முழங்காலுக்குப் பதிலாகத்தான். 2005 இல் வந்த சட்டம் இன்னும் தெளிவாகச் சொன்னது. கண்ணாடியை ஏற்ற வேண்டுமானால் சுவிச்சை விரலால் மேல்நோக்கி இழுக்க வேண்டும். அமத்தினால் இறங்க மட்டுமே வேண்டும். முழங்காலால் அமத்தலாம், இழுக்க முடியாது அல்லவா!

இந்த இடத்தை வாசித்தபோது எமக்குக் கண் கலங்கியது. எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ எமது மகளின் முழங்காலை 40 மில்லிமீற்றர் உருண்டையாக அளந்து வைத்திருக்கிறார்கள். 1940 இல் வந்த ஒரு வசதிக்கு இந்தப் பாடம் கிடைக்க 64 வருடம் ஆனது. எமது காரிலோ மூன்று பாடத்தில் ஒன்றுகூட இல்லை.

*எமது சன்னிக்கு என்ன நடந்தது*

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. மீண்டும் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பழைய காரின் விலை புதிய காரின் விலையாகியது. காரை மாற்ற முடியாதவர்கள் காரைப் புதுப்பித்தார்கள். பெயின்ட் அடித்தார்கள், சீட் கவர் போட்டார்கள், ரிவர்ஸ் கமரா மாட்டினார்கள், கைப்பிடியைக் கழற்றிப் பவர் ஷட்டர் போட்டார்கள். சீனாவிலிருந்து வரும் கிட் ஒன்று. அல்லது உடைத்து விற்கும் காரின் கதவுச் சாமான், பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் கிடைக்கும்.

எமக்கு அதற்கு ஒரு காரணமும் இருந்தது. உம்மாவுக்கு வாதம் வந்த பிறகு கையில் பலம் இல்லை. முன் சீட்டில் இருந்தால் காற்று வேண்டும். கைப்பிடியைச் சுற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் "மகன், கொஞ்சம் எறக்கி வுடுங்க" என்று கேட்பது அவருக்குக் கூச்சம். ஆகவே பவர் ஷட்டர் ஆடம்பரம் என்று நாம் சொல்ல வரவில்லை. கை ஏலாதவருக்கு அது ஒரு கண்ணியம்.

ஆனால் முன் கதவு ஒன்றுக்குப் போட்டிருந்தால் போதும். "போடுறதோட நாலுக்கும் போடுங்க சேர், வித்தா வெலயும் கூடப் போகும்" என்றார்கள். நாமும் ஆசைப்பட்டோம். கிட்டில் வந்த சுவிச் இரண்டு பக்கமும் அமத்தும் வகை. முன்பக்கம் அமத்தினால் ஏறும், பின்பக்கம் அமத்தினால் இறங்கும். அதைக் கைதாங்கியின் மேல் தட்டையாகப் பதித்தார்கள். மின்சாரத்தை நேரே பெட்டரியிலிருந்து எடுத்தார்கள். "சாவி இல்லாட்டியும் வேல செய்யும் சேர்" என்று அதையே ஒரு வசதியாகச் சொன்னார்கள். நாமும் தலையாட்டிச் சந்தோஷப்பட்டோம்! 1971 இல் உலகம் மூடிய கதவை 2023 இல் காசு கொடுத்துத் திறந்தவர்கள் நாங்கள்.

வேலை செய்த தம்பியைக் குறை சொல்ல வரவில்லை. கையில் தொழில் உள்ள பிள்ளை. யாரும் அவருக்கு இந்த வரலாற்றைச் சொல்லிக் கொடுக்கவில்லை. கம்பனியில் பொருத்தி வரும் காரில் பொறியியலாளர் யோசித்து வைத்திருப்பார். வெளியில் பொருத்தும்போது அந்த யோசனையை நாம்தான் கொண்டு போக வேண்டும். கிட்டின் பெட்டிக்குள் மோட்டர் இருக்கும், வயர் இருக்கும். கற்ற பாடம் இருக்காது.

*திருத்தியது எப்படி*

அடுத்த வாரமே காரைக் கொண்டு போனோம். நடந்ததைச் சொன்னதும் அந்தத் தம்பியின் முகம் வாடிவிட்டது. அவர் வீட்டிலும் மூன்று வயதுப் பிள்ளை. இருவருமாக உட்கார்ந்து யோசித்துச் செய்தவற்றை எழுதுகிறோம். உங்களுக்கும் உதவும்.

1. மின்சாரத்தைச் சாவியின் கீழ் கொண்டுவந்தோம். பெட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒரு ரிலேக்கு, அந்த ரிலே சாவி திருப்பினால் மட்டும் வேலை செய்யும்படி. இப்போது சாவியை எடுத்தால் ஜன்னல் செத்துவிடும்.

2. அமத்தும் சுவிச்சைக் கழற்றி, மேலே இழுத்தால் மட்டும் ஏறும் சுவிச் போட்டோம். பழைய கார் உடைக்கும் இடத்தில் கிடைத்தது. அதையும் மேடாக இல்லாமல் குழிக்குள் பதித்தோம்.

3. ஷட்டருக்கென்று தனி ஃபியூஸ் போட்டோம். கண்ணாடி உச்சியில் முட்டி நிற்கும்போது மோட்டர் சாதாரணத்தை விடப் பல மடங்கு மின்னை இழுக்கும். ஹெட்லைட் வயரிலோ ரேடியோ வயரிலோ கொளுவினால் வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். கதவுக்கும் உடலுக்கும் இடையில் வயர் போகும் இடத்தில் ரப்பர் குழாய் கட்டாயம். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வயர் மடிகிறது. உராய்ந்தால் ஒருநாள் பொறி பறக்கும்.

4. மோட்டரைக் குறை சொல்லு முன்னர் ரப்பரைப் பார்த்தோம். 30 வருடத்து ரப்பர் காய்ந்து கண்ணாடியை இறுக்கிப் பிடித்திருந்தது. அதை மாற்றி, சிலிக்கோன் ஸ்பிரே அடித்தோம். மோட்டரின் பாதிச் சுமை குறைந்தது. ஒட்டிய ரப்பரோடு போராட என்று பலமான மோட்டர் போடுவது கழுத்தை நெரிக்கப் பலமான மோட்டர் போடுவதற்குச் சமம்.

5. கதவுக்குள் இருந்த பொலித்தீன் தாளைத் திரும்ப ஒட்டினோம். பலர் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். மழைத் தண்ணீர் கண்ணாடியோடு கதவுக்குள் இறங்குகிறது. அந்தத் தாள் இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே வந்து சுவிச்சும் பலகையும் பழுதாகும்.

6. கடைசியாக, பின் கதவுகள் இரண்டுக்கும் பழைய கைப்பிடியையே திரும்பப் போட்டோம்!

ஆறாவதைச் சொன்னபோது தம்பி சிரித்துவிட்டார். "சேர், இப்படித் திருப்பிப் போடச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்." நல்லவேளை, கழற்றிய சாமான்களை அவர் எறியவில்லை. கராஜின் மூலையில் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் நாலு கைப்பிடியும் இருந்தன. இரண்டை எடுத்துத் துடைத்துப் பொருத்தினார். உம்மாவின் பக்கமும் சாரதி பக்கமும் மோட்டர். பிள்ளைகளின் பக்கம் கை.

*வெள்ளம் பற்றி ஒரு வார்த்தை*

நமது பிரதேசத்துக்கு மட்டும் பொருந்தும் ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் வாய்க்காலும் வயலும். வருடக் கடைசி மழையில் பாதை எது, வாய்க்கால் எது என்று தெரியாது. கார் தண்ணீரில் இறங்கிவிட்டால் வெளியில் இருந்து அழுத்தும் தண்ணீர் கதவைத் திறக்க விடாது. அப்போது வெளியேறும் வழி ஜன்னல்தான். மின் ஜன்னல் தண்ணீர் பட்ட கணமே நிற்பதில்லை. கொஞ்ச நேரம் வேலை செய்யும். அந்தக் கொஞ்ச நேரம்தான் உயிர். பெல்ட்டைக் கழற்று, ஜன்னலை இறக்கு, பிள்ளையை முதலில் வெளியே அனுப்பு, பிறகு நீ. போன் எடுத்து யாருக்கும் அழைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஜன்னல் இறங்காவிட்டால் உடைக்க, கூரான முனையுள்ள ஒரு சின்னச் சுத்தியலைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பழைய கார்களின் பக்கக் கண்ணாடி ஓர் ஓரத்தில் கூராகக் குத்தினால் சின்னச் சின்னத் துண்டாக உதிரும். முன் கண்ணாடியை உடைக்க முயல வேண்டாம். அது அப்படி உடையாது. எல்லாவற்றுக்கும் முதல், ஓடும் தண்ணீருக்குள் காரை விடவே விடாதீர்கள்.

*முடிவாக*

இவ்வளவும் எழுதியது பவர் ஷட்டர் கூடாது என்று சொல்ல அல்ல. தோல் வாரிலிருந்து கைப்பிடிக்கு, கைப்பிடியிலிருந்து எண்ணெய்க்கு, எண்ணெயிலிருந்து மோட்டருக்கு என்று மனிதன் நடந்த பாதையில் ஒவ்வொரு படியும் யாரோ ஒருவருக்கு இலகு கொடுத்தது. எமது உம்மா இப்போது தன் விரலாலேயே கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குகிறார். அந்த முகத்தைப் பார்த்தால் செலவழித்த காசு கணக்கில்லை. நாம் சொல்ல வருவது, ஒரு வசதியை வீட்டுக்குக் கொண்டு வரும்போது அதற்காக மற்றவர்கள் கட்டிய விலையையும் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும் என்பதுதான். மற்றவர்களின் பிள்ளைகள் கொடுத்த விலையை எமது பிள்ளைகளும் திரும்பக் கொடுக்கத் தேவையில்லை.

வேன் ஓட்டும் சகோதரர்களே, உங்கள் வண்டியில் ஏறுவது நமது ஊரின் பிள்ளைகள். இன்றே ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். சாவியை எடுத்துவிட்டுச் சுவிச்சை அமத்திப் பாருங்கள். கண்ணாடி ஏறினால் கராஜுக்குப் போங்கள். பிறகு சாவியைப் போட்டு, உங்கள் முழங்காலைச் சுவிச்சில் வைத்து அமத்திப் பாருங்கள். ஏறினால் சுவிச்சை மாற்றுங்கள். சாரதியின் பக்கத்தில் பின் ஜன்னல்களைப் பூட்டும் பொத்தான் இருந்தால் அதைப் பூட்டியே வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

மகள் இப்போது பின் சீட்டில் இருந்து தானே கைப்பிடியைச் சுற்றுகிறாள். இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு வாங்கச் சுற்றி, பாதி இறங்கியதும் "வாப்பா, கை நோகுது" என்கிறாள். நோகட்டும் மகள், அதுதான் அதன் நன்மை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறோம்.

உங்கள் காரில் என்ன இருக்கிறது, சோதித்துப் பார்த்ததில் என்ன கண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். கராஜ் வைத்திருக்கும் தம்பிமாரிடமும் இதைக் காட்டுங்கள். எமது பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.